பூஸ்டர் ஊசி: ஒரே குடும்பத்தில் ஐந்து பேர், நான்கு இடங்கள்

எங்கள் குடும்பத்தில் 2022இல் கொரோனா பூஸ்டர் ஊசி கட்டாயம் போட்டாக வேண்டியிருந்தவர்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு 67 வயது, பதினைந்து வருஷமாகச் சுகர், கூடவே பிரஷர். அம்மாவுக்கு 62, மூட்டுவலி தவிர வேறு ஒன்றும் கிடையாது. பெரியப்பாவுக்கு 70, இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அப்பத்தாவுக்கு 89, வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த நாளிலிருந்து கட்டிலோடு சரி. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, 38 வயது, 2017இல் கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவன். இந்த ஐந்து பேருக்கும் ஊசி போட 2022 பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை அலைந்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடத்தில் நடந்த முகாம், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை, கடைசியாக எங்கள் வீட்டுக் கூடம். நான்கையும் பார்த்துவிட்டேன் என்பதால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம், அதற்கு மேல் பெயர் எதுவும் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை.

திட்டம் என்னவென்று மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம். அரசாங்கம் இதை பூஸ்டர் என்று சொல்லவில்லை, முன்னெச்சரிக்கை தவணை என்று பெயர் வைத்தது. ஊரில் எல்லோரும் சொன்னது மூணாவது ஊசி. 2021 டிசம்பர் 25ஆம் தேதி பிரதமர் அறிவித்தார், 2022 ஜனவரி 10ஆம் தேதி நாடு முழுக்கத் தொடங்கியது. மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், 60 வயதைத் தாண்டி, சுகர், பிரஷர் போல இணை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும். இரண்டாவது ஊசி போட்டு 9 மாதம், அதாவது 39 வாரம், முடிந்திருக்க வேண்டும். முன்பு கோவிஷீல்டு போட்டவருக்குக் கோவிஷீல்டு, கோவாக்சின் போட்டவருக்குக் கோவாக்சின், மாற்றிப் போடக் கூடாது. அரசு மையங்களில் காசு கிடையாது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கு முதலில் என்ற எண்ணத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை, சரியான எண்ணம்தான்.

ஆனால் அந்த 9 மாதத்தைக் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால்தான் சங்கதி புரியும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் ஊசி தொடங்கியதே 2021 மார்ச் 1ஆம் தேதிதான். அன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டவர்கூட நான்கு வாரம் கழித்து, மார்ச் 29க்கு முன்னால் இரண்டாவது ஊசி போட்டிருக்க முடியாது. ஜனவரி 10 அன்று பூஸ்டர் போடத் தகுதி வேண்டுமென்றால் ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கிலாவது இரண்டாவது ஊசி முடிந்திருக்க வேண்டும். ஆக, முதல் நாளில் தகுதியோடு இருந்த பெரியவர்கள் அந்தப் பன்னிரண்டு பதிமூன்று நாளுக்குள் போட்டவர்கள் மட்டும்தான். அதற்கு நடுவில் கோவிஷீல்டு இடைவெளியை மார்ச் 22ஆம் தேதி 6 முதல் 8 வாரம் என்று மாற்றினார்கள், மே மாதம் 12 முதல் 16 வாரம் என்றார்கள். சொன்ன பேச்சைக் கேட்டுத் தள்ளிப் போட்ட பெரியவர்களுக்கெல்லாம் பூஸ்டரும் தன்னால் தள்ளிப் போய்விட்டது. மூன்றாம் அலையாக வந்த ஓமிக்ரானோ யாருக்காகவும் நிற்கவில்லை, தமிழ்நாட்டில் ஜனவரி கடைசியில் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிப்ரவரியில் வடிந்துவிட்டது.

இது எனக்கு வெறும் கணக்கு இல்லை. பெரியப்பா இரண்டாவது ஊசி போட்டது 2021 மே 10. 39 வாரம் எண்ணி, பிப்ரவரி 7ஆம் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஜனவரி 19ஆம் தேதி காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதில் ஆறு நாள் ஆக்சிஜன். மீண்டு வந்துவிட்டார், அதற்குக் கடவுளுக்கும் அங்கிருந்த டாக்டர்களுக்கும் நன்றி. பூஸ்டர் போட்டிருந்தால் காய்ச்சலே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த எழுபது வயதுக்காரர், ஊசி மருந்து பக்கத்துச் சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் இருக்கும்போதே, தேதி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காத்திருந்தார் என்பது இன்று வரைக்கும் மனசை அறுக்கிறது. பிற்பாடு 2022 ஜூலை 6ஆம் தேதி அந்த 9 மாதத்தை 6 மாதமாகக் குறைத்தார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டுமாவது இதை ஜனவரியிலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, ஒவ்வொரு இடமாக வருகிறேன்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அப்பாவுக்கு. பூஸ்டருக்கென்றே வியாழக்கிழமைகளில் தனி முகாம் என்று மாநில அரசு அறிவித்திருந்ததால் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். அப்பா சாப்பிட்டு, சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டை வேண்டாம் என்று அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார். கவுண்டரில் முதல் கேள்வி, டாக்டர் சீட்டு எங்கே? இணை நோய்க்குச் சான்றிதழ் எதுவும் காட்டத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை டிசம்பர் கடைசியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, அது அந்த மேசை வரைக்கும் வந்து சேரவில்லை. அப்பாவின் சுகர் நோட்டைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அடுத்தது கம்ப்யூட்டர். தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளத்தில் அப்பாவின் பெயரைப் போட்டால் ‘முதல் ஊசி மட்டும்தான் போட்டிருக்கிறார்’ என்று வருகிறது.

காரணம் சின்னது, ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. அப்பா முதல் ஊசிக்கு ஆதார் கொடுத்திருந்தார். இரண்டாவது ஊசி போட்ட முகாமில் ஆதாரைக் கையில் கொண்டுபோகவில்லை, வாக்காளர் அட்டையைக் கொடுத்திருக்கிறார், செல் நம்பரும் ஞாபகம் இல்லாமல் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் அதைப் புதுப் பதிவாக ஏற்றிவிட்டார்கள். ஆக, கோவின் கணக்கில் அப்பா இரண்டு ஆள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முதல் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஊசியே போடாதவருக்கு மூன்றாவது எங்கே வரும்? அன்றைக்குத் திரும்பிவிட்டோம். அப்பா வண்டியில் ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வந்ததும் "நான் ரெண்டு ஊசியும் போட்டது பொய்யாப்பா?" என்று கேட்டார்.

இதே சிக்கல் இருந்தவர்களுக்காகக் கோவினிலேயே புகார் பதிவு செய்யும் பகுதியில் இரண்டு முதல் ஊசிச் சான்றிதழ்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி இருந்தது. இரண்டு செல் நம்பருக்கும் ஓடிபி வந்தது, இரண்டு பதிவு எண்ணையும் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமா அப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தார், அவரைப் போனில் பிடித்து, ஓடிபி வாங்கி, இரண்டு சாயங்காலம் போய்விட்டது. சில நாளில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் போனோம், அரை மணி நேரத்தில் முடிந்தது. ஊசி போட்ட நர்ஸம்மா கை நல்ல கை, அப்பாவுக்கு வலி தெரியவில்லை. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்து, போகும்போது பாராசிட்டமால் கொடுத்து, இரவு காய்ச்சல் வந்தால் மட்டும் போடச் சொன்னார்கள். மனிதர்களைக் குறை சொல்லவே முடியாது. முன்கூட்டியே இந்தப் பதிவுகளையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிட்டு முகாமைத் தொடங்கியிருந்தால் இந்த அலைச்சல் யாருக்கும் இருந்திருக்காது. ஊசி போடும் இடத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், கவுண்டருக்கு இரண்டு.

அம்மா கதை வேறு. அவருக்கு நோய் இல்லை, அதனால் ஜனவரியில் தகுதி இல்லை. மார்ச் 16ஆம் தேதி இணை நோய் நிபந்தனையை எடுத்துவிட்டு 60 வயது தாண்டிய எல்லோருக்கும் என்று ஆக்கினார்கள். நல்ல முடிவு. எங்கள் பக்கம் சுகர் இருப்பதே தெரியாமல் நடமாடும் பெரியவர்கள் எத்தனை பேர், பரிசோதனை செய்துகொள்ளாதவருக்கு நோயே இல்லை என்று ஆகிவிடுமா? வயதை மட்டும் அளவுகோலாக வைத்தால் கவுண்டரில் விவாதமே கிடையாது, ஆதாரில் பிறந்த வருஷத்தைப் பார்த்தால் முடிந்தது.

அம்மாவையும் பெரியப்பாவையும் மே மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த மெகா முகாமுக்குக் கூட்டிப்போனேன். பெரியப்பா குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்பது விதி, அதனால் அவரும் அதற்குள் வந்து சேர்ந்துகொண்டார். 2021 செப்டம்பர் 12ஆம் தேதி முதல் மெகா முகாம் நடந்தபோது எங்கள் ஊரில் திருவிழாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கறியும் குடியும் இருப்பதால் ஆட்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று அந்த வருஷம் முகாமைச் சனிக்கிழமைக்கே மாற்றினார்கள், அந்த அளவுக்கு மக்கள் மனசு தெரிந்து செய்தார்கள். ஆனால் 2022 மே மாதம் நாங்கள் போனபோது கூட்டம் வற்றிவிட்டது. மூன்றாம் அலை முடிந்தது, பயம் முடிந்தது. அப்போது வேறு ஒரு பிரச்சினை தலைகாட்டியது.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சமானால் குப்பையில்தான் போட வேண்டும். நாங்கள் போனபோது ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ரெண்டு மூணு பேர் வரட்டும் என்று ஊழியர்கள் குப்பியைத் திறக்காமல் காத்திருந்தார்கள். மருந்தை வீணாக்கக் கூடாது என்ற அவர்கள் கவலை நியாயமானதுதான், நான் தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருக்கும் அந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஸ்டென்ட், ஒருவருக்கு முட்டி மடங்காது, ஒரு பாட்டி ‘கொல்லையில் மாடு கட்டிக் கிடக்கிறது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பாட்டி திரும்பி வரவேயில்லை. குப்பியில் மிச்ச மருந்து வீணாவது கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கில் ஏறுகிறது. எழுந்து போன பாட்டி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இளைஞர்களுக்கான முகாம் என்றால் காத்திருக்கச் சொல்லலாம், நலிந்தவர்களுக்கு என்று திட்டம் போடும்போது கொஞ்சம் மருந்து வீணாகத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முகாமுக்கு ஐந்துக்கு மூன்று. நாற்காலி, நிழல், தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தன, அது முக்கியம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு மிகப் பெரிய குறை. மாற்றிய கிட்னியை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்க அவன் தினமும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போடுகிறான். இரண்டுமே உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகள். அடக்கி வைத்த உடம்பில் தடுப்பூசியும் முழுசாக வேலை செய்யாது, இரண்டு ஊசி போட்ட பிறகும் இப்படிப்பட்ட பலருக்குப் போதுமான எதிர்ப்பு உருவாகவில்லை என்பது 2021லேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் அமெரிக்காவில் அந்த வருஷம் ஆகஸ்டிலும், இங்கிலாந்தில் செப்டம்பர் தொடக்கத்திலும் இவர்களுக்கு மட்டும் தனியாக மூன்றாவது ஊசிக்கு வழி செய்தார்கள். அது பூஸ்டர்கூட இல்லை, மற்றவர்கள் இரண்டு ஊசியில் அடைவதை இவர்கள் மூன்றில் அடைவதற்காக. நம் நாட்டில் ஜனவரிப் பட்டியலில் இவர்களுக்கு இடமே இல்லை. 60 வயது ஆகவில்லை, அவ்வளவுதான் பதில். டயாலிசிஸில் இருக்கும் 45 வயதுக்காரருக்கும், புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் 50 வயது அம்மாவுக்கும் அதே பதில்தான். 2021 மார்ச்சில் முதல் ஊசி போடும்போது 45 முதல் 59 வயதில் நோய் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள், அந்தப் பட்டியலில் உறுப்பு மாற்று செய்தவர், டயாலிசிஸ் நோயாளி எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பட்டியலை ஏன் பூஸ்டருக்கு எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2022 ஏப்ரல் 10ஆம் தேதி 18 வயது தாண்டிய எல்லோரும் தனியார் மையங்களில் காசு கொடுத்துப் போடலாம் என்று வந்தது. அப்போதுதான் தம்பிக்கு வாசல் திறந்தது, நோயாளி என்பதற்காக இல்லை, 18 வயதைத் தாண்டியவன் என்பதற்காக. அந்தச் சமயத்தில் ஊசி விலையை 225 ரூபாய்க்குக் குறைத்தார்கள், மருத்துவமனை சேவைக் கட்டணம் 150க்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். வரியோடு 386 ரூபாய் ஆனது. திருச்சி மருத்துவமனையில் சுத்தம், வேகம், ஏசி, எல்லாம் நன்றாக இருந்தது, குப்பியைத் திறக்கும் முன் எங்களிடம் காட்டினார்கள், பதினைந்து நிமிஷத்தில் சான்றிதழ் செல்லுக்கு வந்துவிட்டது. ஆனால் அவன் மாத்திரைப் பட்டியலை யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னபோது ஊசி போட்ட பெண் உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். அவர் அப்படிக் கேட்டு வந்தது எனக்குப் பிடித்தது. சேவைக்கு ஐந்துக்கு நாலு. 386 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை இல்லை, ஊரிலிருந்து திருச்சி போய்வரும் செலவு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை அலைகிற குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை அரசு மையங்களில் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தபோதுதான் அவர்களில் பலர் போட்டார்கள்.

கடைசியாக அப்பத்தா. நான் அதிகம் எழுத நினைத்தது இதைத்தான்.

அப்பத்தா முதலிலிருந்தே ஊசிக்குப் பயந்தவர். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டே நாளில் காலமானதும், அது ஊசியால் இல்லை என்று டாக்டர்கள் சொல்லியும், எங்கள் தெருவில் பெரியவர்கள் யாரும் நகரவில்லை. பேசிப் பேசி ஆகஸ்டில் முதல் ஊசி, அக்டோபரில் இரண்டாவது. இரண்டும் கோவாக்சின். டிசம்பரில் விழுந்தார். பூஸ்டருக்கு நாள் வந்தபோது எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். மே முகாமில் விசாரித்தபோதே கோவாக்சின் இல்லை, கோவிஷீல்டு மட்டும்தான் என்றார்கள். ஜூலையில் வீட்டுக்கு வந்து போடும் வசதிக்காக உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடலாம் என்று 2021 செப்டம்பரிலேயே மத்திய அரசு அனுமதி கொடுத்தாயிற்று. போனில் பேசிய பெண் மரியாதையாகப் பேசினார், பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் யாரும் வரவில்லை. மறுபடி செய்தேன், மறுபடி எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவுக்குச் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் அக்கா ஒருவர் உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் தொடங்கிவைத்த திட்டம், சில மாதத்தில் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. அக்கா அந்த மாதம் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டே, உள்ளே கட்டிலைப் பார்த்து, "அப்பத்தா மூணாவது ஊசி போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்தார். கோடு போட்ட நோட்டு, வீட்டு எண், பெயர், வயது, என்ன மாத்திரை, கடைசியாகப் பார்த்த பிரஷர். அப்பத்தா பெயருக்கு நேரே ‘கோவாக்சின், படுக்கை, செல் இல்லை’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் அப்படிச் ‘செல் இல்லை’ என்று எழுதியிருந்த பெயர்கள் நான் பார்த்தவரை ஏழெட்டு இருக்கும். தவணை வந்துவிட்டது என்று கோவின் அனுப்பும் குறுஞ்செய்தி இவர்கள் யாருக்கும் போயிருக்க வழியே இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கிராம சுகாதார நர்ஸம்மாவும் அக்காவும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். நர்ஸம்மா மடியில் நீலநிற ஐஸ் பெட்டி. இன்று கோவாக்சின்காரர்களை மட்டும் சேர்த்து, எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலுமாக ஒன்பது வீடு, ஒன்பதும் நோட்டிலிருந்து எடுத்தது என்றார். குப்பியின் லேபிளில் பேனாவால் 9.40 என்று எழுதியிருந்தது, அது திறந்த நேரம். ஒன்று நாற்பதுக்குள் ஒன்பது வீடும் முடிய வேண்டும். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு, எந்தப் பாதை என்று நேற்றே போட்டுவைத்துவிட்டார்களாம். போன் போட்டு நேற்று மாலையே எங்களிடம் ‘அப்பத்தாவுக்குக் காய்ச்சல் இல்லையே, சாப்பிட வைத்துவிடுங்கள்’ என்றும் சொல்லியிருந்தார்கள்.

அப்பத்தாவின் கையைப் பார்த்ததும் நர்ஸம்மா கொஞ்சம் நின்றார். தோலும் எலும்பும்தான். தோள்பக்கம் இரண்டு விரலால் சதையை மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, "ஆத்தா, என் மூஞ்சியப் பாருங்க, எத்தனை பேரன் பேத்தின்னு சொல்லுங்க" என்றார். அப்பத்தா பதினொன்று வரை எண்ணிவிட்டு யாரையோ விட்டுவிட்டோமே என்று யோசிக்கும்போதே ஊசி முடிந்து பஞ்சு வைத்தாயிற்று. ஊசி முனையைச் சின்ன இயந்திரத்தில் வெட்டி டப்பாவில் போட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அரை மணி நேரம் கவனிக்க வேண்டுமே, ஒன்பது வீட்டுக்கும் அரை மணி என்றால் நான்கரை மணி நேரம் ஆகிவிடுமே, குப்பி தாங்காதே என்று. கேட்டேன். நர்ஸம்மா அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், அக்கா அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்து அக்கா நடந்தே அடுத்த வீட்டுக்குப் போவார், அங்கே நர்ஸம்மா போட்டு முடித்து இன்னொரு தன்னார்வலரை உட்கார வைத்திருப்பார், இப்படி மாற்றி மாற்றி. ஏதாவது ஆனால் சுகாதார நிலைய ஜீப் வருவதற்கு டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த அரை மணியில் அக்கா அப்பத்தா முதுகில் படுக்கைப்புண் வருகிறதா என்று பார்த்தார், புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். எந்த முகாமிலும், எந்த ஏசி அறையிலும் இது கிடைக்காது. ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன்.

இப்போது நான் சொல்ல வருவது இதுதான். மருந்து இருந்தது. போடத் தெரிந்த கைகள் இருந்தன. யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், யார் படுக்கை, யாரிடம் போன் இல்லை என்று ஊர் ஊராகப் பட்டியலும் அக்காக்களின் நோட்டில் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் திட்டத்தைத் தொடங்கும்போது அந்த நோட்டைக் கையில் எடுக்காமல் செல்லுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, வருகிறவர்கள் வரட்டும் என்று முகாமில் காத்திருந்தார்கள். வந்தவர்கள் நடக்க முடிந்தவர்கள், போன் உள்ளவர்கள், கூட்டிவர என்னைப் போல ஆள் உள்ளவர்கள். நோட்டிலிருந்து திட்டத்தை ஆரம்பித்திருந்தால் ஜனவரியிலேயே இந்த ஒன்பது வீட்டு ஏற்பாட்டை ஒவ்வொரு ஊரிலும் செய்திருக்கலாம்.

திட்டம் போடும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இனி கொரோனாவோ வேறு எதுவோ, பெரியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பூஸ்டர் என்று முடிவானால், தேதியை அறிவிப்பதற்கு முந்தின மாதமே நர்ஸம்மாக்களையும் தன்னார்வலர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வீடுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள், தானே வரக்கூடியவர், வண்டி அனுப்பினால் வரக்கூடியவர், நாம்தான் போக வேண்டியவர் என்று. மூன்றாவது வகையை முதல் வாரத்தில் முடியுங்கள், அவர்களைக் கடைசிக்கு வைத்தால் கடைசி வரைக்கும் நடக்காது. சிறுநீரகம் மாற்றியவர்கள், டயாலிசிஸ், கீமோ எடுப்பவர்கள் பெயர் அவரவர் போகும் மருத்துவமனையில் இருக்கிறது, அங்கேயே, அவர்கள் சிகிச்சைக்கு வரும் நாளிலேயே போட்டுவிடலாம், தனியாக இன்னொரு நாள் அலைய வைக்க வேண்டாம். வீடு வீடாகப் போகும் அக்காக்களுக்கு அன்றைக்குப் பெட்ரோல் காசும் சாப்பாடும் கொடுங்கள், எங்கள் ஊருக்கு வந்தவர்கள் மதியம் இரண்டு மணி வரை ஒன்றும் சாப்பிடவில்லை, எங்கள் அம்மா மோர் கொடுத்ததைத்தான் குடித்துவிட்டுப் போனார்கள்.

இனி இப்படி ஓர் ஊசித் திட்டம் வரும்போது வீட்டில் படுக்கையில் பெரியவர் இருந்தால், உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டோம் என்று சும்மா இருக்காதீர்கள். நம் ஊர்ப் பக்கம் புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள், அன்று காலை துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பெரும்பாலும் இருப்பார். ஆதார் நகல், முந்தைய ஊசியின் சான்றிதழ், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், அவர் நோட்டில் உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரை எழுதவைத்துவிட்டு வாருங்கள். எழுதும்போது பக்கத்தில் நின்று, ‘படுக்கை’ என்ற வார்த்தையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.